இருமொழி அகராதியில் சொல்லை எங்கே தேடுவது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரம் போகும் வழியில் இருக்கிறது திருவிடந்தை. நித்யகல்யாணப் பெருமாள் கோயில் உள்ள ஊர்; 108 திவ்யதேசங்களில் ஒன்று. கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் இங்கே வந்து அர்ச்சனை செய்து, பெருமாளுக்குச் சாத்திய மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிராகாரத்தை ஒன்பது முறை சுற்றுவார்கள். கல்யாணம் ஆன பிறகு தம்பதியாக, அந்தப் பழைய மாலையோடு மறுபடி வருவது வழக்கம். இதை ஒரே வாக்கியமாக இப்படி எழுதிப் பார்ப்போம்: "திருவிடந்தையில் மாலையைப் போட்டுக்கொண்டு சுற்றியவர்கள், கல்யாணம் முடிந்ததும் திரும்ப வந்தார்கள்."

எட்டே சொல். தமிழ் தெரிந்த நமக்கு இதில் அகராதியே தேவையில்லை. தமிழ் கற்கிற ஒரு ரஷ்யர் இந்த வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு அகராதியைத் திறக்கிறார் என்று வையுங்கள். எட்டில் 'கல்யாணம்', 'திரும்ப' ஆகிய இரண்டைத்தான் இருக்கிறபடியே அவர் கண்டுபிடிக்க முடியும். மற்ற ஆறும் அந்த உருவத்தில் எந்த அகராதியிலும் இல்லை. அவை எங்கே, என்ன உருவத்தில் இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், ஓர் இருமொழி அகராதி எப்படிக் கட்டப்படுகிறது என்பதில் பெரும்பகுதி புரிந்துவிடும்.

ரஷ்யரை உதாரணம் காட்டியதற்குக் காரணம் உண்டு. மாமல்லபுரத்துக்கு வரும் வெளிநாட்டார் மட்டுமல்ல, 2018 ஏப்ரலில் திருவிடந்தையிலேயே மத்திய அரசு நடத்திய ராணுவத் தளவாடக் கண்காட்சிக்கும் ரஷ்யர்கள் வந்திருந்தார்கள். அதைவிட முக்கியம், தமிழுக்கும் ரஷ்ய மொழிக்கும் நடுவே நல்ல அகராதிகள் இருப்பது. 1960-இல் மாஸ்கோவில் தமிழ்-ரஷ்ய அகராதி வெளிவந்தது. ஏறத்தாழ 38,000 சொற்கள். தொகுத்தவர்கள் அலெக்ஸாந்தர் பியாதிகோர்ஸ்கியும், செம்பியன் என்று தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்ட ஸெம்யோன் ருதினும். சோவியத் நூல்கள் பலவற்றைத் தமிழில் தந்த பூர்ணம் சோமசுந்தரம் அதன் பதிப்பாசிரியர். மிகயீல் அந்திரோனவ் எழுதிய சுருக்கமான தமிழ் இலக்கணம் அதில் பின்னிணைப்பாக இருந்தது. ஐந்தாண்டு கழித்து, 1965-இல், அந்திரோனவும் வேறு இருவரும் சேர்ந்து ரஷ்ய-தமிழ் அகராதியைக் கொண்டுவந்தார்கள், 24,000 சொற்கள்.

அதே சோவியத் அகராதி மரபில் 1966-இல் வந்ததுதான் தாத்தார்-ரஷ்ய அகராதி. தாத்தார் வோல்கா நதிக்கரையில், கஸானைத் தலைநகராகக் கொண்ட தாத்தாரிஸ்தானில் பேசப்படும் துருக்கிய இன மொழி. நமக்கும் அதற்கும் உறவில்லை. ஆனால் சொல் கட்டுகிற முறையில் தமிழும் தாத்தாரும் ஒரே வழியில் போகின்றன. தமிழில் 'புத்தகம்' என்ற சொல்லின் பின்னால் 'கள்', 'இல்' என்று ஒட்டிக்கொண்டே போவதுபோல், தாத்தாரில் 'கிதாப்' என்ற சொல்லின் பின்னால் பன்மைக்கு 'லர்', 'நம்முடைய' என்பதற்கு 'இபிஸ்', 'இல்' என்பதற்கு 'தா' என்று சேர்ந்து 'கிதாப்லரிபிஸ்தா' ஆகும்: நம் புத்தகங்களில். கோவளம் தர்கா பக்கத்தில் இருப்பவர்களுக்கு 'கிதாபு' பழகிய சொல்தான். அரபியிலிருந்து வோல்காவுக்கும் போயிருக்கிறது, நம் கடற்கரைக்கும் வந்திருக்கிறது.

இப்படிப் பின்னால் வளர்கிற மொழிகளில் அகராதியைத் திறக்கும் முன் வாசகர் செய்ய வேண்டிய வேலை, வாலை வெட்டுவது. 'மாலையைப்' என்பதில் சந்தி 'ப்'பையும் வேற்றுமை உருபு 'ஐ'யையும் அதன்முன் வந்த யகரத்தையும் கழித்தால் 'மாலை'. 'திருவிடந்தையில்' என்பதிலும் அப்படியே. பெயர்ச்சொல்லில் இது சுலபம் என்று தோன்றும். எப்போதும் அல்ல. 'மரத்தை' என்பதில் 'ஐ'யைக் கழித்தால் மிஞ்சுவது 'மரத்து'; அகராதியில் இருப்பது 'மரம்'. 'ஆற்றில்' என்பதற்கு 'ஆறு', 'வீட்டுக்கு' என்பதற்கு 'வீடு'. தாத்தாரிலும் 'கிதாப்' என்பது 'அவருடைய புத்தகம்' என்னும்போது 'கிதாபி' ஆகி, கடைசி மெய் மென்மையாக ஒலிக்கும். இந்த மாற்றங்களை அகராதி ஒவ்வொரு சொல்லுக்கும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் மாஸ்கோ அகராதி இலக்கணச் சுருக்கத்தைப் பின்னால் வைத்தது. ஒட்டுமொழிகளின் அகராதிக்கு அந்தப் பின்னிணைப்பு உயிர்நாடி. அது இல்லாவிட்டால், வேற்று மொழிக்காரர் வாலை எங்கே வெட்டுவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுவிடுவார்.

'மாலை'யைக் கண்டுபிடித்த பிறகு அடுத்த கேள்வி. மாலை என்றால் பூமாலையா, அந்திப்பொழுதா? இங்கே அகராதி ஆசிரியர் ஒரு முடிவெடுக்க வேண்டும். இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு பொருள்களா, அல்லது உருவம் தற்செயலாக ஒன்றிப்போன இரண்டு சொற்களா? ஒரே சொல் என்றால் ஒரே பதிவுக்குள் 1, 2 என்று பொருள்களுக்கு எண் போடுவார். வேறு சொற்கள் என்றால் தலைச்சொல்லையே இரண்டாகப் பிரிப்பார். தமிழ் அகராதிகள் தலைச்சொல்லின் தோளில் சிறிய எண் போட்டுப் பிரிக்கும். சோவியத் மரபில் தலைச்சொல்லுக்குப் பக்கத்தில் ரோமன் எண் வரும். பொருள்களுக்குச் சாதாரண எண். பூமாலை வடமொழி 'மாலா'வோடு தொடர்புடையது, அந்திமாலைக்கு மூலம் வேறு என்று கொள்பவர்கள் இரண்டு பதிவாகத்தான் வைப்பார்கள். அவசரமாகத் தேடுகிறவர் முதல் பதிவைப் படித்துவிட்டு மூடினால், மாலைப்பொழுதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சுற்றினார்கள் என்று மொழிபெயர்க்க நேரும். தோளில் எண் இருந்தால் அடுத்த பதிவையும் பார்த்தே ஆக வேண்டும்.

இனி வினைச்சொல். உண்மையான சிக்கல் இங்கேதான். அகராதிக்கு அகராதி பெரிய வேறுபாடு இருப்பதும் இங்கேதான்.

பெயரை எந்த உருவத்தில் தலைச்சொல்லாக வைப்பது என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. வினைக்கு? 'போட்டான்', 'போடுவாள்', 'போடாமல்', 'போட்ட' என்று நூற்றுக்கணக்கான உருவங்களில் எதை வைப்பது? ரஷ்ய அகராதிகள் வினையெச்சம் போன்ற ஓர் உருவத்தை வைக்கும். ஆங்கில அகராதிகள் வெறும் வினையடியை வைக்கும். தமிழுக்கு அகராதி செய்தவர்கள் வெவ்வேறு வழிகளில் போனார்கள்.

1862-இல் சென்னையில் அச்சான வின்ஸ்லோவின் தமிழ்-ஆங்கில அகராதி 67,000-க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. அது பகுதியைத் தலைச்சொல்லாக வைத்து, பக்கத்திலேயே தன்மை ஒருமையில் முக்காலத்தையும், கடைசியில் 'அறிய' போன்ற எச்ச உருவத்தையும் காட்டியது: 'அறி' என்று போட்டு 'கிறேன், ந்தேன், வேன், ய' என்று வால்களை வரிசையாகத் தந்தது. வெள்ளைக்காரப் பாதிரியாருக்கு இது நேரடி உதவி. தலைச்சொல்லோடு வாலை ஒட்டினால் பேச வேண்டிய சொல் கைக்கு வந்துவிடும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. 1939-இல் ஒரு துணைத் தொகுதியும் சேர்ந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகள். எஸ். வையாபுரிப் பிள்ளை 1926 முதல் அதன் பதிப்பாசிரியர். அது வேறு வழி எடுத்தது. பகுதியை எழுதி, ஒரு சிறு கோடு போட்டு, 'தல்' அல்லது 'த்தல்' என்று தொழிற்பெயர் விகுதியைச் சேர்த்தது. 'பிரி-தல்' ஒரு பதிவு. 'பிரி-த்தல்' வேறு பதிவு. முன்னது தானே பிரிவது, பின்னது ஒருவர் பிரிப்பது. இத்தகைய இணைகளில் ஒரு 'த்' கூடுவதிலேயே தன்வினையும் பிறவினையும் தெரிந்துவிடும். அதோடு ஒவ்வொரு வினைக்கும் ஓர் எண். செய்-தல் 1, அறி-தல் 4, ஓடு-தல் 5, அடி-த்தல் 11, நட-த்தல் 12. தமிழ் வினைகள் காலம் காட்டும் முறையை 13 வகையாகப் பிரித்து, இந்த வினை இந்த வகை என்று சொல்லும் எண் அது. பலர் அதைப் பொருள் எண் என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். அல்ல, 4 என்று இருந்தால் 'அறிகிறான், அறிந்தான், அறிவான்' போல, 11 என்று இருந்தால் 'அடிக்கிறான், அடித்தான், அடிப்பான்' போல.

தாத்தார் அகராதி செய்ததும் இதையே. 'பாரு' என்று ஒரு தலைச்சொல் வரும். 'போதல்' என்று பொருள். 'கிலு' என்றால் 'வருதல்'. கடைசியில் வரும் 'உ' நம் 'தல்' போன்ற தொழிற்பெயர் விகுதி. அதற்கு எதிரே ரஷ்ய மொழியில் அவர்களுடைய வழக்கப்படியான வினை உருவம் நிற்கும். பிறவினை, செயப்பாட்டுவினை, ஒருவருக்கொருவர் செய்வது என்று தாத்தார் வினையடியிலிருந்து கிளைக்கும் உருவங்களுக்குத் தனிப் பதிவு கொடுத்து, 'இன்ன வினையின் பிறவினை' என்று அடிவினைக்குத் திருப்பி அனுப்பும். 'பிரி-த்தல்' பதிவில் லெக்சிகனும் அப்படித்தான் திருப்பி அனுப்புகிறது. ஒருவரை ஒருவர் பார்க்காமலே இரு நாட்டு ஆசிரியர்களும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். மொழியின் கட்டுமானமே அந்த வழியைக் காட்டியிருக்கிறது.

கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதி (முதல் பதிப்பு 1992, பின்னர் 2008, 2020) மூன்றாவது வழி. தமிழ்-தமிழ்-ஆங்கிலம் என்று அமைந்த அது, வினையை வெறும் பகுதியாக வைத்து, பக்கத்தில் அடைப்புக்குள் இரண்டே உருவங்களைத் தருகிறது: 'செய்ய, செய்து', 'அகல, அகன்று'. கற்பவருக்கு இதுவே மிகச் சிறந்தது என்பது என் முடிவு. 'அடிக்க' என்று தெரிந்தால் 'அடிக்கிறேன்', 'அடிப்பேன்' வந்துவிடும். 'அடித்து' தெரிந்தால் 'அடித்தேன்', 'அடித்த', 'அடித்துவிடு' எல்லாம் வந்துவிடும். எண்ணை வைத்துக்கொண்டு அட்டவணையைத் தேட வேண்டியதில்லை. 'அகன்று' என்ற சொல்லைப் பார்த்துக் குழம்பியவருக்கு அது 'அகல்' என்பதன் உருவம் என்று உறுதியும் கிடைக்கும்.

இப்போது நம் வாக்கியத்தின் 'முடிந்ததும்' என்பதற்கு வாருங்கள். லெக்சிகனின் முறையை வைத்துத் தேடினால் 'முடி' என்ற எழுத்துகளில் பல பதிவுகள் வரிசையாக நிற்கும். தலைமுடியையும் அரசன் சூடும் முடியையும் குறிக்கும் பெயர் உண்டு. வேலை முடிவது ஒன்று, அதை ஒருவர் முடிப்பது ஒன்று. கூந்தலை முடிவதும் உண்டு. 'வேலை முடிந்தது', 'கூந்தலை முடிந்தாள்' இரண்டிலும் இறந்தகாலம் ஒரே உருவம்தான். இலக்கணக் குறிப்பு இல்லாத அகராதியில் இந்த இடத்தில் வெளிநாட்டார் தப்பிக்கவே முடியாது. பெயரா வினையா, தன்வினையா பிறவினையா என்று தலைச்சொல்லுக்கு அடுத்து ஓரிரு எழுத்துகளில் வரும் குறிப்புதான் அவருக்குக் கைகாட்டி மரம்.

'போட்டுக்கொண்டு' இன்னும் கனமானது. 'போடு', 'கொள்' என்ற இரண்டு வினைகள் சேர்ந்தது. சட்டை போடுகிறோம், கோலம் போடுகிறோம், கணக்குப் போடுகிறோம், சண்டை போடுகிறோம், ஊசி போடுகிறோம், தேநீர்கூடப் போடுகிறோம். ரஷ்ய மொழியில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வினை வேண்டும். அதனால் 'போடு' என்ற பதிவு நீளமாகத்தான் இருக்கும். நல்ல இருமொழி அகராதி அங்கே எதிர்ச்சொல்லை மட்டும் அடுக்காது; எந்தப் பெயரோடு சேர்ந்தால் எந்தப் பொருள் என்று சேர்க்கையோடு காட்டும். சோவியத் அகராதிகளில் இதற்கு ஒரு சுருக்கெழுத்து முறையே உண்டு. தலைச்சொல் திரும்ப வர வேண்டிய இடத்தில் ஓர் அலைக்கோடு. கிட்டத்தட்ட ஒரே பொருளுள்ள எதிர்ச்சொற்களுக்கு நடுவே காற்புள்ளி. சற்று விலகினால் அரைப்புள்ளி. நன்றாக விலகினால் புதிய எண். எண்களில் அடங்காத மரபுத்தொடர்கள் பதிவின் கடைசியில், ஒரு சாய்சதுரக் குறிக்குப் பின்னால். ஒரு மரபுத்தொடரைத் தேடுகிறவர் மேலிருந்து படித்துக்கொண்டு வர வேண்டாம். நேராக அந்தக் குறிக்குப் போய்விடலாம்.

'கொள்' இங்கே துணைவினை. தனக்காக, தன்மேல் செய்வதைக் குறிக்கிறது. கிரியா அகராதி வினையான 'கொள்' வேறு, துணைவினையான 'கொள்' வேறு என்று பிரித்து, பின்னதற்கு 'து.வி.' என்று குறி போடுகிறது. தாத்தாரிலும் இதற்கு இணை இருப்பது வியப்பு. 'எழுதிக்கொள்' என்பதை அவர்கள் 'யாஸிப் அலு' என்பார்கள்: முதற்சொல் 'எழுதி', இரண்டாவது 'எடுத்தல்'. ரஷ்யர் இதையே ஒரே சொல்லாக, எழுதுவதைக் குறிக்கும் வினைக்கு முன்னால் 'ஸ' என்ற முன்னொட்டைச் சேர்த்து 'ஸபிஸாத்' என்று சொல்லிவிடுவார். நாமும் தாத்தாரும் பின்னால் ஒரு வினையை நிறுத்திச் செய்கிற வேலையை ரஷ்ய மொழி முன்னால் ஓர் ஒட்டைப் பூட்டிச் செய்கிறது.

இது அகர வரிசையையே பாதிக்கும் விஷயம். பின்னால் வளரும் மொழியில் ஒரே அடியில் பிறந்த சொற்கள் அகர வரிசையில் பெரும்பாலும் அடுத்தடுத்தே நிற்கும்: சுற்று, சுற்றம், சுற்றுலா, சுற்றுப்புறம். ரஷ்ய மொழியில் அப்படியில்லை. நடப்பதைக் குறிக்கும் 'ஹோத்' என்ற அடியிலிருந்து 'வ்ஹோத்' நுழைவாயில், 'விஹோத்' வெளிவாயில், 'ப்ரிஹோத்' வருகை, 'உஹோத்' புறப்பாடு. நான்கும் முதலெழுத்தையோ இரண்டாம் எழுத்தையோ பொறுத்து அகராதியின் வெவ்வேறு பக்கங்களுக்குச் சிதறிவிடும். வினையிலும் இதே தொல்லை: செய்துகொண்டிருப்பதற்கு 'தேலத்', செய்து முடிப்பதற்கு 'ஸ்தேலத்'. ரஷ்ய-தாத்தார், ரஷ்ய-தமிழ் அகராதிகளை எடுப்பவர் இந்த இணைகளுக்காக அங்கும் இங்கும் புரட்ட வேண்டும். ஒன்றில் விளக்கம் இருக்கும், மற்றதில் 'அங்கே காண்க' என்றிருக்கும்.

அகர வரிசையே நமக்குப் பிந்தி வந்ததுதான். திவாகரம், பிங்கலம், சூடாமணி போன்ற நிகண்டுகள் தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின் பெயர் என்று பொருள் வகையால் தொகுத்தவை. மனப்பாடம் செய்வதற்கான செய்யுள். 1594-இல் சிதம்பர ரேவண சித்தர் செய்த அகராதி நிகண்டுதான் சொற்களை முதலெழுத்து வரிசையில் வைத்தது. பிறகு வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியை முடித்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதி. தொடைப் பகுதி எதுகை தேடும் புலவருக்கானது. ஒரே நூலில் நான்கு வகை வாசகருக்கு நான்கு வாசல் வைத்த அந்த யோசனை இன்றைக்கும் மதிக்கத் தக்கது. 1779-இல் வேப்பேரியில் அச்சான பாப்ரீஷியஸ் அகராதி வேறொரு நடுவழியைப் பிடித்தது: தலைச்சொல்லுக்குக் கீழே அதிலிருந்து பிறந்த சொற்களையும் தொகைச்சொற்களையும் குடும்பமாக வைத்தது. சொற்களின் உறவு தெரியும். ஆனால் ஒரு தொகைச்சொல் எந்த வீட்டில் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

அகர வரிசைக்குள்ளும் சில நுணுக்கங்கள். லெக்சிகனிலும் கிரியாவிலும் புள்ளி வைத்த எழுத்து முதலில் வரும். 'அக்கா' முன்னே, 'அகம்' பின்னே. ஜ, ஷ, ஸ, ஹ போன்றவற்றைத் தற்கால அகராதிகள் கடைசியில் வைக்கின்றன. தாத்தாருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ரஷ்ய எழுத்தோடு தங்கள் ஒலிகளுக்காக ஆறு எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டவர்கள் அவர்கள். அந்த ஆறும் நெடுங்காலம் நெடுங்கணக்கின் கடைசியில் கிடந்தன. 1997-இல்தான் தாத்தாரிஸ்தான் நாடாளுமன்றம் அவற்றை இன எழுத்துகளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது. அதற்கு முந்திய அகராதியையும் பிந்திய அகராதியையும் ஒரே பழக்கத்தில் புரட்ட முடியாது.

எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறோம் என்பதும் அகராதியின் உள்ளமைப்பைத் தீர்மானிக்கிறது. லெனின்கிராட் மொழியியலாளர் லெவ் ஷெர்பா 1930-களிலேயே இதை வற்புறுத்தினார்: இரண்டு மொழிகளுக்கு நடுவே நான்கு அகராதிகள் வேண்டும். தமிழ்-ரஷ்ய அகராதி தமிழருக்கு ஒன்று, ரஷ்யருக்கு ஒன்று, ரஷ்ய-தமிழுக்கும் அப்படியே. ரஷ்யர் தமிழைப் படித்துப் புரிந்துகொள்ள எதிர்ச்சொல் போதும். அது அவர் தாய்மொழி. தமிழர் அதே அகராதியை வைத்து ரஷ்ய மொழியில் எழுத முயன்றால், அந்த எதிர்ச்சொல் ஆண்பாலா பெண்பாலா, எந்த அசையில் அழுத்தம் என்றெல்லாம் தெரிய வேண்டும். ஒரே எழுத்துக்கூட்டலில் முதலசையை அழுத்தி 'ஸாமக்' என்றால் கோட்டை, இரண்டாம் அசையை அழுத்தி 'ஸமோக்' என்றால் பூட்டு. அச்சிடும் செலவில் நான்கு அகராதி செய்வது எளிதல்ல. பெரும்பாலும் ஒன்றையே எல்லாருக்கும் தருகிறார்கள். அதனால் அகராதி வாங்கும்போது அது யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை முன்னுரையில் பார்த்துவிட வேண்டும்.

திருவிடந்தையின் கடலோரம் பற்றியும் ஒரு வார்த்தை. கச்சான், கொண்டல், வாடை என்று காற்றுக்குப் பெயர் சொல்லும் மீனவர்கள் வாழும் கரை இது. இத்தகைய சொற்கள் அகராதியில் ஏறும்போது வட்டார வழக்கு என்ற குறி ஒட்டும். அந்தக் குறியைக் குறைவாக நினைக்க வேண்டாம். 'பே.வ.', 'உ.வ.', 'அ.வ.' என்று கிரியா போடும் குறிகள், பேச்சில் வருவது, உயர்ந்த நடையில் வருவது, அருகிவருவது என்று அறிவிக்கின்றன. வேற்று மொழிக்காரர் எங்கே எதைச் சொல்லலாம் என்று அவற்றை வைத்துத்தான் கற்கிறார். நம் அகராதிகள் கோயில் சொற்களில் வளமானவை. வலை, படகு, நீரோட்டம் பற்றிய சொற்களில் இன்னும் சேர்க்க நிறைய இருக்கிறது. கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை உள்ள குப்பங்களில் கல்லூரி மாணவர்கள் குறிப்பேட்டோடு உட்கார்ந்தால் அதைச் செய்யலாம்.

லெக்சிகன், வின்ஸ்லோ, பாப்ரீஷியஸ் மூன்றையும் சிகாகோ பல்கலைக்கழகம் தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 'முடி' என்று தட்டி மூன்றிலும் பாருங்கள். பார்க்கும் முன், ஒவ்வொன்றின் முன்னுரையையும் குறுக்க விளக்கப் பக்கத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.